தண்ணீர் குடித்த இடம்

எங்கள் ஊர் வனக்குழுக் கூட்டம் அரை மணி நேரத்தில் முடியாமல் ஒன்றரை மணி நேரம் இழுத்ததற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். பேச வேண்டியதைப் பேசி, சண்டை போட வேண்டியவர்கள் போட்டு, தீர்மானத்தை நான் நோட்டில் எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி ஒருமுறை படித்துவிட்டுப் பேனாவை மூடுவேன். சரியாக அப்போது வாசல் பக்கமிருந்து அந்தக் குரல் வரும்.

"திருப்பிப் படிங்க தம்பி."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே உச்சுக்கொட்டுவார். "ஏம்மா, இப்பத்தான படிச்சான்? காது அடைச்சுக்கிருச்சா?"

"கையெழுத்துன்னா என்னுது இல்லேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்ணே. ரேகைய அப்பிடிச் சொல்ல முடியுமா?"

தலைவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படிப்பேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நோட்டில் எத்தனையோ தடவை எழுதி, பக்கத்தில் ரேகை வாங்கியவன் நான். ஒரு தடவை அவருக்குக் கெடுதல் வரும்படி அதை எழுதிவிட்டேன், அது போதும். அக்கா என்றே சொல்கிறேன். எங்கள் வீட்டில் 'அவ' என்பார்கள். அவருடையது எங்களைப் போன்ற தோட்டக்காரர்களிடம் கூலிக்கு வந்துகொண்டிருந்த குடும்பம். நான் கூட்டத்தில் வைத்து அக்கா என்பேன். எங்கள் வீட்டு வாசலில் வைத்து எப்படியும் கூப்பிடாமலேயே பேசிச் சமாளித்துவிடுவேன். படித்தவனின் கோழைத்தனம் அப்படித்தான் இருக்கும், சத்தம் வராது.

எழுமலைக்கு மேற்கே மலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. வனத்துறையும் ஊர்ச்சனமும் சேர்ந்து மலையைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடானபோது ஊருக்கு ஒரு குழு போட்டார்கள். மரம் வெட்டாமல், தீ வைக்காமல், கன்றுகளை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. அதற்குப் பதிலாகக் காய்ந்த விறகும் புல்லும் புளியும் ஊருக்கு. செயலாளர் என்று வனவர் இருந்தார், எங்கள் வாயில் அவர் பாரஸ்டர் சார். ஆனால் தீர்மான நோட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. டிகிரி முடித்துவிட்டு அப்பாவோடு தோட்டத்தில் நின்றவன், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று பெயர் வாங்கியவன். அந்தக் கையெழுத்தின் மேல் எனக்கு அப்போது நிறைய கர்வம் உண்டு.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் இருந்தது. எல்லாரும் உள்ளே வந்ததும் முதல் வேலையாக வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பாதியில் எழுந்து போக வேண்டும், மாடு கட்ட வேண்டும், டீ குடிக்க வேண்டும். தீர்மானத்தை மேலே விட்ட இடத்தில் நான் பிறகு எழுதிக்கொள்வேன். யாருக்கும் இதில் தப்பே தெரியவில்லை. அக்கா ஒருவர்தான் கடைசி வரை இருந்து, எழுதியதைக் கேட்டு, அதன் பிறகே கட்டை விரலை மையில் வைப்பார். மற்ற நாலு பெண் உறுப்பினர்களும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

அக்காவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். "எண்ணத் தெரியாதவ ஆடு வளக்க முடியுமா?" என்பார். அவரிடம் பதினெட்டு உருப்படி இருந்தது. தீர்மானங்களுக்கு நான் ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போடுவேன். இரண்டாம் முறை படிக்கும்போது அவர் என் பக்கத்தில் வந்து குத்தவைத்து, ஓரத்து எண்களில் விரலை ஒவ்வொன்றாக இறக்குவார். நான் ஒரு தீர்மானத்தைப் படித்து முடித்தால் விரல் அடுத்த எண்ணுக்குப் போகும். கடைசி எண்ணும் என் கடைசி வாக்கியமும் ஒன்றாக முடிந்தால் சரி. அவருக்குத் தெரிந்த சோதனை அதுதான். அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவர் விரல் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் நகரும்.

ஏன் இப்படி எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே சொன்னார்.

"எங்கூட வாழ்ந்தவன் ஒரே ஒரு தடவதான் தம்பி சொன்னான், திருப்பூருக்குப் போயிட்டு எட்டு நாள்ல வாரேன்னு. நானும் சரின்னுட்டேன். இன்னொரு தடவ சொல்லச் சொல்லியிருந்தா வாய் தடுமாறியிருப்பான். அப்பவே தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டீக்கடையில் கூட அப்படித்தான். மூன்று டீ என்று சொன்னால் கடைக்காரர் திருப்பி மூன்று என்று சொல்ல வேண்டும். "மூணுதான்த்தா, மூணு, மூணு" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

இரண்டு முறை கேட்டது அவருக்குள் அப்படியே தங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு நாள் விறகு எடுக்கலாம் என்று முன்பு தீர்மானம் போட்டிருந்தோம். பின்னால் பாரஸ்டருக்கு மேலதிகாரியான ரேஞ்சர் வந்து ஒருநாள்தான் என்றார். வாசல் பக்கமிருந்து அக்கா ஆரம்பித்தார். "தீர்மானம் நாலு. உறுப்பினர்கள் வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்கள் காய்ந்த விறகு சேகரிக்க இக்குழு ஏகமனதாக அனுமதிக்கிறது." என் எழுத்து நடை அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது. அதோடு நிறுத்தவில்லை. "அப்பறம் தம்பிக்கு இருமல் வந்துச்சு. ரெண்டு தடவ இருமுனாரு. அப்பறம் அஞ்சு" என்று அடுத்ததற்குப் போனார். நோட்டைத் திறந்து பார்த்தால் ஒரு சொல் மாறவில்லை. இருமல்தான் நோட்டில் இல்லை. ரேஞ்சரே சிரித்துவிட்டு இரண்டு நாள் என்று ஒப்புக்கொண்டார். ஊரே கைதட்டியது. எனக்கும் பெருமைதான், என் வாக்கியம் ஆயிற்றே.

மலையில் எங்கள் பக்கம் இரண்டு சரிவு. பாறைச்சரிவில் கன்று நடுவதால் அங்கே ஆடு ஏறக் கூடாது என்று முடிவானது. அதை முன்மொழிந்ததே அக்காதான். ஓடைச்சரிவு மேய்ச்சலுக்கு இருக்கட்டும், பாறைச்சரிவை மூடுவோம் என்றார். ஆடு வைத்திருக்கிற ஆளே சொல்லும்போது மற்றவர்கள் என்ன பேச முடியும்? ஒரு கோடையில் பாறைச்சரிவில் தீப் பிடித்தபோது பச்சைக் குழையை ஒடித்துக்கொண்டு முதலில் ஏறியது அவர். நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அவர் ஆட்டுக்குட்டி ஒன்று ஒருநாள் அங்கே ஏறி ஏழெட்டுக் கன்றைக் கடித்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார். தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரி விடும்மா, குட்டிதான" என்றார்.

"அதெப்பிடி விடுறது? நாளைக்கு இன்னொருத்தர் ஆடு ஏறுனா என்ன சொல்லுவீங்க? எழுதுங்க தம்பி. என் ஆடு கடிச்சுச்சு, அம்புட்டுக் கன்னையும் நானே நட்டுத் தாரேன்னு எழுதுங்க."

எழுதினேன். அதையும் திருப்பிப் படிக்கச் சொன்னார்.

இப்படிப்பட்ட ஒரு மனுஷியை நான் ஏமாற்றினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் மழை இல்லை. எங்கள் கிணற்றில் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் காற்று வாங்கியது. மலை ஓடையில் செக்டேம் என்ற சின்னத் தடுப்பணை கட்டினால் அடிவாரத்துக் கிணறுகளெல்லாம் ஊறும் என்று ஊரே நம்பியது. பாரஸ்டர் ஒருநாள் காலை எழுமலைக்கு என்னை வரச்சொல்லி, டீக்கடை பெஞ்சில் வைத்துச் சொன்னார்.

"செக்டேம் வந்துரும் தம்பி. ஒரே ஒரு வரி சேக்கணும். ஓடைச்சரிவ மேய்ச்சலுக்கு மூடுறோம்னு. அது இல்லாம மேல அனுப்பவே முடியாது."

"அக்கா ரேகை வைக்காது சார். அது வைக்கலேன்னா மத்த பொம்பளைகளும் வைக்காது."

"பொம்பளைக ரேகை இல்லாமலும் போகாது. நீ நேக்கா பாத்து முடி. இது பேப்பர்ல மட்டும்தான்யா. யாரு போயி ஆட்ட மறிக்கப் போறா? நானா?"

தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் மத்தியானத்துக்குள் சேதி தெரிந்துவிட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா சாப்பிடும்போது சொன்னார். "நோட்டு ஒங்கிட்டதான இருக்கு? பெறகென்ன?"

மறுநாள் கூட்டம். தீர்மானம் ஐந்து. புதிதாக ஆறாவது எண் போட்டால் அக்காவின் விரல் அங்கே வந்து நிற்கும். அதனால் அந்த வரிக்கு எண் போடவில்லை. மூன்றாவது தீர்மானத்தின் வாலில் ஒட்டிவிட்டேன். செக்டேம் கட்டச் சம்மதிக்கிறது என்ற வாக்கியத்துக்குப் பின்னால், அதே அழகான கையெழுத்தில், 'மேற்படி பணியை முன்னிட்டு ஓடைச்சரிவு முழுவதையும் ஆடு மாடு மேய்ச்சலுக்கு நிரந்தரமாக மூடவும் சம்மதிக்கிறது' என்று எழுதினேன்.

படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது தீர்மானத்தில் செக்டேம் வரி முடிந்தது. அடுத்த வரி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான்கு" என்றேன்.

"திருப்பிப் படிங்க தம்பி."

வந்து பக்கத்தில் குத்தவைத்தார். விரல் ஒன்றில் இருந்தது. இரண்டில் இருந்தது. மூன்றில் இருந்தது. நான் மறுபடியும் அதே இடத்தில் சொம்பை எடுத்தேன். விரல் மூன்றிலேயே எனக்காகக் காத்திருந்தது. குடித்து முடித்து "நான்கு" என்றதும் நகர்ந்தது. ஐந்தில் இரண்டு பேரும் ஒன்றாக முடித்தோம்.

"அஞ்சு. சரி" என்று மை டப்பாவைத் திறந்தார். கிணற்றுக்காரர்கள் ஒருவர் கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெயிலு சாஸ்தி, பாவம் தம்பிக்கு நா வறண்டு போச்சு" என்று அக்கா மட்டும் சொன்னார்.

செக்டேம் வந்தது. அடுத்த மழைக்கு ஓடை நிறைந்து, கிணற்றில் படி தெரியாத அளவுக்குத் தண்ணீர் ஏறியது. அப்பா தென்னங்கன்று வைத்தார். அதையெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பாரஸ்டர் மாறுதலாகிப் போனார். புதிதாக வந்த வனக்காப்பாளர், எங்கள் வாயில் கார்டு, நோட்டைப் படித்தார், எழுத்துப்படி வேலை பார்த்தார். ஒருநாள் காலையில் ஓடைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த அக்காவின் ஆடுகளை மொத்தமாக இறக்கிக்கொண்டுவந்து வனக்குழுக் கட்டடத்து வளாகத்தில் அடைத்துவிட்டார். ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். ஊர் கூடியது. என்னையும் நோட்டோடு கூப்பிட்டார்கள்.

அக்கா அழவில்லை, சத்தம் போடவில்லை. தன் பக்கம் நியாயம் முழுசாக இருக்கிறது என்ற தெம்பில் நின்றார். "ஓடைச்சரிவ மூடுன்னு நாங்க எழுதவே இல்லியே சார். செக்டேம் கூட்டத்துல அஞ்சு தீர்மானம். சொல்றேன், நோட்டப் பாத்துக்கங்க" என்று ஆரம்பித்தார். ஒன்று சொன்னார், இரண்டு சொன்னார். ரேஞ்சர் நோட்டில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மூணு. ஓடையின் குறுக்கே செக்டேம் கட்டும் பணியை வனத்துறை மூலம் மேற்கொள்ள இக்குழு ஏகமனதாகச் சம்மதிக்கிறது. அப்பறம் தம்பி தண்ணி குடிச்சாரு. நாலு…"

"நில்லும்மா" என்றார் ரேஞ்சர். "மூணு இன்னும் முடியல." மிச்சத்தைப் படித்தார்.

ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"திருப்பிப் படிங்க சார்."

ரேஞ்சர் திருப்பிப் படித்தார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு தடவயும் அங்கனதான தம்பி குடிச்சீங்க?"

ரேஞ்சர் நல்ல மனிதர்தான், எனக்கு ஒரு வழி விட்டார். "ஏம்ப்பா, இந்த வரியையும் படிச்சுக் காட்டித்தான ரேகை வாங்குன?" என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தீர்மானம் செல்லாது. ஆடு வெளியே வந்திருக்கும். எனக்கு நேர் எதிரே அப்பா நின்றார். அவருக்குப் பின்னால் கிணற்றுக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"ஆமா சார்" என்றேன். "படிச்சேன்."

நோட்டில் எழுதியது முதல் துரோகம் என்றால் இது அதைவிடப் பெரியது. அன்றைக்காவது பயம், அவசரம் என்று ஏதோ சாக்கு இருந்தது. இன்றைக்கு அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அன்று சாயங்காலம் பழைய பாரஸ்டருக்குப் போன் போட்டு, பேப்பரில் மட்டும்தான் என்றீர்களே என்று கத்தினேன். "நான் அப்பிடிச் சொன்னதுக்கு எழுத்து ஏதாச்சும் இருக்கா தம்பி?" என்று பொறுமையாகக் கேட்டார். நானும் ஏமாந்தவன்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் ஏமாந்ததில் எனக்குக் கிணறு நிறைந்தது. அக்கா ஏமாந்ததில் ஆட்டுக்கிடை காலியானது.

இனி மலைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று ரேகை வாங்கிக்கொண்டு ஆடுகளை விட்டார்கள். மேய்க்க இடமில்லாத ஆட்டை வைத்து என்ன செய்ய? இரண்டு மூன்று வாரத்தில் உசிலம்பட்டிச் சந்தைக்கு அத்தனையும் போய்விட்டன.

அதன் பிறகு ஒரே ஒரு கூட்டத்துக்கு அக்கா வந்தார். உள்ளே வந்ததும் நேராக என்னிடம் வந்து மை டப்பாவைத் தானே திறந்து, எல்லாரையும் போல வெற்றுத் தாளில் ரேகையை வைத்தார். விரலைச் சுவரில் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்தது. தலைவர், "அப்பாடா" என்றார். நான் அடுத்த மாதமே நோட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். அதைப் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

அக்கா ஊரைவிட்டுப் போனது ஆடி மாதத்திலோ ஆவணியிலோ. ஒத்தக்கடைப் பக்கம் தங்கச்சி மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். பல வருஷம் கழித்துப் போன மாதம்தான் பார்த்தேன். என் மகளுக்கு அட்மிஷன் கேட்டு ஒத்தக்கடையில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தோம். மகள் உள்ளே வரிசையில் நின்றாள். வராந்தாவில் சேலைக்கு மேல் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, நீளமான மாப்பால் தரை துடைத்துக்கொண்டு வந்தார் ஒருவர். தலை முழுக்க நரை. என்னை முதலில் அடையாளம் கண்டது அவர்தான்.

"தம்பிதான? உங்கய்யா நல்லாருக்காரா?"

"இருக்காருக்கா." அக்கா என்று இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கெணத்துல தண்ணி கெடக்கா?"

"கெடக்குக்கா."

"நல்லது" என்றார். அதில் குத்தல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மன்னிச்சிருங்கக்கா என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பேப்பரை எடுத்தார்.

"புது காண்ட்ராக்ட்காரன் வந்திருக்கான் தம்பி. எல்லாரும் இதுல ரேகை வைக்கணுமாம், சாயங்காலத்துக்குள்ள. வச்சா வேல தொடருமா, இல்ல வேலைய விட்டுப் போறோம்னு எழுதியிருக்கானா, ஒண்ணும் தெரியல. இங்கன யாருக்கும் நின்னு படிச்சுச் சொல்ல நேரமில்ல. நீங்க படிப்பீங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் என்னிடம் கொடுக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துபோனது. "குடுங்கக்கா" என்று கையை நீட்டினேன்.

அவர் பேப்பரைக் கொடுக்கவில்லை. "இருங்க" என்று வராந்தா மூலையில் இருந்த தண்ணீர் கேனுக்குப் போனார். ஒரு எவர்சில்வர் டம்ளரை அலம்பி, விளிம்பு வரை பிடித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். எங்கள் ஊரில் அவர் கையால் நான் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை.

"மொதல்லயே குடிச்சிருங்க தம்பி" என்றார்.

குடித்தேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினேன், ஆனாலும் முழுவதும் குடித்து முடித்தேன். டம்ளரைத் திருப்பி வாங்கியவர் அதைச் சாய்த்து உள்ளே பார்த்தார். ஒரு சொட்டும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகு, மடிப்பைப் பிரித்துப் பேப்பரை என்னிடம் கொடுத்தார்.